எஞ்சின் மாற்றிய ஜீப்பில் உதறல்: சாய்வை அளந்து சரிசெய்யும் முறை

பழைய மகிந்திரா ஜீப்பில் வேறு டீசல் எஞ்சின் ஏற்றுவது நம் பக்கத்துப் பட்டறைகளுக்குப் புதிதல்ல. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், இழுவையும் நன்றாக இருக்கும். ரோட்டில் விட்டால்தான் தரைத் தகடு உதறும், கியர் லீவர் நடுங்கும், புதிதாகப் போட்ட கிராஸ் (ஷாஃப்டைச் சாய்வாகவும் சுற்ற விடும் சிலுவை வடிவ இணைப்பு) சில மாதத்தில் சத்தம் போடும். உடனே, சுழற்சியைப் பின்சக்கரம் பக்கம் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி பேலன்ஸ் செய்ய அனுப்புவார்கள். பேலன்ஸ் செய்து வந்த பிறகும் உதறல் அப்படியே இருக்கும். எஞ்சினையும், ஷாஃப்டின் பின்முனை போய்ச் சேரும் பினியனையும் எந்தச் சாய்வில் வைத்தோம் என்பதை யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

உதறல் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதை வைத்தே காரணத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம். இங்கே சொல்வதெல்லாம் பட்டை ஸ்பிரிங்கும், இருபக்கச் சக்கரத்தையும் சேர்க்கும் முழு ஹவுசிங்கும் உள்ள ஜீப்புக்கு. எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். அனுமதியை வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் மூன்று அளவு

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த அளவுகள் கையில் இல்லாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

வண்டி தன் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும். சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்து ஹவுசிங்கைத் தொங்கவிட்டு அளந்தால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. ஷாஃப்டைத் திருப்புவதற்காகச் சக்கரத்தைத் தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஸ்டாண்டை ஹவுசிங்குக்கு அடியில் வையுங்கள். வழக்கமாக ஏழெட்டுப் பேர் ஏறும் வண்டி என்றால் அந்தப் பாரத்தை ஏற்றியே அளக்க வேண்டும். பாரம் ஏறினால் பட்டை அமுங்கும், ஷாஃப்டின் சாய்வு மாறும்.

அளக்க ரசமட்டம் போதாது, டிகிரி காட்டும் கருவி வேண்டும். அடியில் காந்தம் உள்ள டிஜிட்டல் கேஜ் நல்லது. ஃபோனில் இருக்கும் ஆப்பும் வேலை செய்யும். ஃபோனின் ஓரம் வளைவாக இருந்தால் ஒரு நேரான அலுமினியப் பட்டையை ஒட்டவைத்து, அதன்மேல் ஃபோனை வையுங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (கியர் பாக்ஸின் சுழற்சியை முன், பின் ஷாஃப்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வெளியே வரும் யோக்கை, அதாவது கிராஸைப் பிடிக்கும் கவையைத் திருப்பி, அதன் கிராஸ் கப் (கிராஸ் முளையை மூடும் பேரிங் கிண்ணம்) ஒன்று நேர் கீழே வரும்படி நிறுத்துங்கள். கப்பைப் பிடித்திருக்கும் லாக் வளையத்தை எடுத்து, கிரீஸையும் மண்ணையும் துடைத்துவிட்டு, கப்பின் முகத்தில் கேஜை முன்பின்னாக ஒட்டுங்கள். அது காட்டுவது டிரான்ஸ்ஃபர் கேஸின் சாய்வு. கால் சுற்றுத் திருப்பினால் ஷாஃப்ட் பக்கத்துக் கப் கீழே வரும். அதில் ஷாஃப்டின் சாய்வு கிடைக்கும். பின்னால் போய் பினியன் யோக்கிலும் இதையே செய்யுங்கள். அளந்து முடித்ததும் லாக்கை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். தரை சமமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் மூன்றையும் அளந்து முடிக்கும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது.

வண்டியின் பின்பக்கம் போகப்போகக் கீழே இறங்கும் சாய்வைக் கூட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் 4 டிகிரி, ஷாஃப்ட் 10, பினியன் 1 என்று வருகிறது. முன் கிராஸ் வேலை செய்யும் கோணம் 10−4 = 6. பின் கிராஸின் கோணம் 10−1 = 9. இந்த இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், அதிகபட்சம் 1 டிகிரி வித்தியாசம். இந்த வண்டியில் 3 டிகிரி இருக்கிறது. நிச்சயம் உதறும்.

ஏன் சமமாக இருக்க வேண்டும்? கிராஸ் ஒரு கோணத்தில் சுற்றும்போது, உள்ளே சீராக வரும் சுழற்சி வெளியே சீராகப் போவதில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 5 டிகிரியில் இந்த ஏற்றஇறக்கம் இருபக்கமும் சுமார் 0.4 சதவீதம். 10 டிகிரியில் 1.5 சதவீதம். கோணம் இரண்டு மடங்கானால் கெடுதல் நான்கு மடங்காகிறது. பின் கிராஸ் அதே கோணத்தில் இருந்தால், முன்னது கெடுத்ததைப் பின்னது சரிசெய்து பினியனுக்குச் சீரான சுற்றைக் கொடுக்கும். ஆனால் நடுவில் உள்ள ஷாஃப்ட் மட்டும் எப்படியும் ஏறி இறங்கித்தான் சுற்றும். அதனால் இரண்டும் சமம் என்பதற்காக எவ்வளவு பெரிய கோணத்தையும் வைத்துவிட முடியாது.

அதற்கு, ஷாஃப்டும் கிராஸும் தயாரிக்கும் ஸ்பைசர் நிறுவனத்தின் அட்டவணையைப் பல காலமாகப் பின்பற்றுகிறார்கள். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் ஒரு கிராஸில் அதிகபட்சம் 8.7 டிகிரி, 2500 என்றால் 7, 3000 என்றால் 5.8, 3500 என்றால் 5, 4000 என்றால் 4.25, 5000 என்றால் 3.25. குறைந்தபட்சமும் உண்டு. அரை முதல் 1 டிகிரியாவது இருக்க வேண்டும். காரணத்தைக் கிராஸ் பற்றிச் சொல்லும் இடத்தில் பார்க்கலாம்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, வேகம் கூடக்கூட அதிகமாகும் உதறல்

அதிகம் கேட்கும் புகார் இதுதான், அதிகம் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில், உதறல் வரும் அதே எஞ்சின் சுற்றுக்கு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். நின்ற இடத்திலேயே உதறினால் எஞ்சின், ஃப்ளைவீல், கிளட்ச், மவுண்டிங் ரப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். ஷாஃப்டுக்குச் சம்பந்தமில்லை. நின்ற இடத்தில் இல்லை என்றால், காலி ரோட்டில் உதறும் வேகத்துக்குக் கொண்டுபோய் நியூட்ரலில் உருளவிடுங்கள். அப்போதும் இருந்தால் ஷாஃப்டிலோ சக்கரத்திலோ கோளாறு.

இந்த இரண்டையும் பிரிக்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.25 மீட்டர் போகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 444 சுற்று, அதாவது நொடிக்கு ஏழு, ஏழரை. கிரவுன் பினியன் விகிதம் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது) 5.38 என்றால் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2390 சுற்று, நொடிக்கு 40. சக்கரத்தின் உதறல் மெதுவாக, ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் ஆட்டமாகத் தெரியும். ஷாஃப்ட் பேலன்ஸ் இல்லாவிட்டால் நொடிக்கு 40 தடவை. கிராஸ் கோணம் தப்பாக இருந்தால் அதற்கு இரட்டிப்பாக 80 தடவை, அது கைக்கு உதறலாகத் தெரிவதைவிடக் காதுக்கு ஒரு ரீங்காரமாகக் கேட்கும். ஃபோனில் அதிர்வெண் காட்டும் ஆப் இருந்தால் அதைத் தரைத் தகட்டில் வைத்துப் பாருங்கள். 40 ஹெர்ட்ஸில் முள் எழும்பினால் பேலன்ஸ், 80ல் எழும்பினால் கோணம். பேலன்ஸுக்கு அனுப்புவதற்கு முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்தால் பணமும் நாளும் மிச்சம்.

80 பக்கம் காட்டுகிறதா? கோணத்தைத் திருத்துவதற்கு முன்னால் ஷாஃப்டின் இரண்டு யோக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஷாஃப்ட் நீளவும் குறுகவும் இடம் கொடுக்கும் ஸ்லிப் ஜாயிண்டைக் கழற்றிக் கிரீஸ் வைத்துத் திரும்பச் சொருகும்போது ஒரு பல் தள்ளிச் சொருகியிருந்தால், கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் முன்னதும் பின்னதும் ஒன்றையொன்று சமன்செய்யாது. பெரும்பாலான ஷாஃப்டில் இதற்கு அம்புக்குறி அடித்திருப்பார்கள். இல்லாவிட்டால் கழற்றும் முன் நீங்களே சென்டர் பஞ்ச் வைத்துக் குறி போடுங்கள்.

அப்புறம் கோணம். மேலே சொன்ன 4, 10, 1 வண்டியில் பினியன் மூக்கை மேலே தூக்க வேண்டும். பட்டைக்கும் ஹவுசிங் சீட்டுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்து இதைச் செய்வார்கள். கணக்குப்படி 3 டிகிரி வேண்டும், ஆனால் நான் 2 டிகிரி ஆப்புதான் வைப்பேன். இழுக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு தானே 1 டிகிரி போல மேலே ஏறும், அதற்கு இடம் விட வேண்டும். ஆப்பு வைத்த பிறகு ஷாஃப்டின் சாய்வையும் திரும்ப அளக்க வேண்டும். பினியன் திரும்பும்போது அதன் யோக்கும் கொஞ்சம் உயரும். ஜீப்பின் பின் ஷாஃப்ட் குட்டை. 60 செ.மீ. ஷாஃப்டில் ஒரு முனை 1 செ.மீ. ஏறினாலே ஏறக்குறைய 1 டிகிரி மாறிவிடும். அதனால் அந்த 10 என்ற அளவு 9 பக்கம் வந்து நிற்கும்.

சுமை ஏற்றி மலையேறும் வண்டிக்கு அலுமினிய ஆப்பு வேண்டாம், அது நசுங்கிவிடும். இரும்பில் லேத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். தகட்டின் தடிமன் அளவுக்கு நீளமான சென்டர் போல்ட் வேண்டும். அதன் தலை ஹவுசிங் சீட்டின் துளையில் முழுதாக உட்காரவில்லை என்றால் ஹவுசிங் முன்பின்னாக நகர்ந்துவிடும். 4 டிகிரிக்கு மேல் திருப்ப வேண்டியிருந்தால் ஆப்பை நம்பாமல் ஸ்பிரிங் சீட்டை வெட்டி, சரியான சாய்வில் திரும்ப வெல்டு வைப்பதுதான் முறை.

இன்னொன்று. 60 கி.மீ.யில் ஓடும் வண்டிக்கு 6 டிகிரி தாங்கும். அதே வண்டி 80ல் போனால் ஷாஃப்ட் 3190 சுற்று, அங்கே எல்லை ஐந்தரை. புது எஞ்சின் போட்டதும் எல்லோரும் பழைய வேகத்திலேயே ஓட்டிக்கொண்டிருப்பதில்லை. பழைய எஞ்சினில் உதறாத அதே கோணம் புது எஞ்சினில் உதறுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அந்த நிலையில் ஆப்பு வைத்துப் பயனில்லை, ஷாஃப்டின் சரிவையே குறைக்க வேண்டும். அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸைக் கொஞ்சம் கீழே இறக்கலாம், அல்லது உயர்த்திய பட்டையை இறக்கலாம். பின்னால் நீளமான ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) போட்டு வண்டியைத் தூக்கியிருந்தால் அதுவும் கணக்கில் வரும். பட்டையின் பின்முனை கீழே போவதால் பினியன் மூக்கு மேலே திரும்பியிருக்கும்.

கோணம் மேலிருந்து கீழாக மட்டும் இல்லை, இடவலமாகவும் உண்டு. ஸ்டீயரிங் பாக்ஸுக்கு இடம் பற்றவில்லை என்று எஞ்சினை ஒரு பக்கம் ஒதுக்கி வைப்பது வழக்கம். எஞ்சின் ஒதுங்கியிருப்பதில் தப்பில்லை, சேசிஸுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கிராங்க் புல்லியின் நடுவிலிருந்தும் டிரான்ஸ்ஃபர் கேஸ் யோக், பினியன் யோக் ஆகியவற்றின் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். பழைய ஜீப்களில் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளி யோக் கிராங்கின் நேர்கோட்டில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளி இருக்கும். எஞ்சின் இணையாக இருக்கிறதா என்று பார்க்க கிராங்க் புள்ளியோடு கியர் பாக்ஸின் நடுப்புள்ளியைச் சேர்த்துப் பாருங்கள். ஷாஃப்டின் இருமுனைக்கும் நடுவே 60 செ.மீ. நீளத்தில் 3 செ.மீ. விலகல் இருந்தால் அது கிட்டத்தட்ட 3 டிகிரி. மேல்கீழ்க் கோணம் 6, பக்கக் கோணம் 3 என்றால் கிராஸுக்கு உண்மையான கோணம் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம், அதாவது 6.7.

கிளம்பும்போது மட்டும் குலுங்கல்

முதல் கியரில் கிளம்பும்போது வண்டி குலுங்கும், 20, 25 கி.மீ. வந்ததும் நின்றுவிடும். இதில் கிளட்சையும் ஷாஃப்டையும் குழப்பிக்கொள்வார்கள். கிளட்ச் பெடலை முழுதாக விட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக உருளும்போது திடீரென்று மிதியுங்கள். அப்போதும் குலுங்கினால் கோணம். பாதிக் கிளட்சில் மட்டும் குலுங்கினால் கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், ஃப்ளைவீல் முகம் தேய்ந்திருக்கலாம், மவுண்டிங் ரப்பர் செத்திருக்கலாம்.

கோணத்தால் வருவது இப்படி: முதல் கியரில், அதுவும் லோ ரேஞ்சில், ஷாஃப்டுக்கு வரும் முறுக்குவிசை பல மடங்கு. அந்த விசை கோணமாக நிற்கும் கிராஸ் வழியாகப் போகும்போது ஒரு பகுதி பக்கவாட்டில் திரும்பி டிரான்ஸ்ஃபர் கேஸையும் பினியனையும் மேலும் கீழுமாக அசைக்கும். புது டீசல் எஞ்சினின் முறுக்குவிசை பழையதைவிட அதிகம் என்றால் பட்டையும் அதிகமாக முறுக்கிக்கொள்ளும். பட்டை தளர்ந்திருந்தாலோ, அதை ஹவுசிங்கோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்திருந்தாலோ பினியன் 1 டிகிரிக்குப் பதில் நாலைந்து டிகிரி ஏறிவிடும். வண்டிக்குப் பக்கத்தில் தள்ளி நின்று, வேறொருவரைக் கிளம்பச் சொல்லி பினியன் மூக்கைப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். இதற்கு ஆப்பு வைத்தால் போதாது. யூ போல்ட்டை இறுக்கி, பட்டையை மாற்றி, அதன் பிறகு அளந்து கோணத்தைச் சரிசெய்யுங்கள்.

மிதித்தால் மட்டும், அல்லது விட்டால் மட்டும்

மிதித்தால் ரீங்காரம், காலை எடுத்தால் அமைதி என்றால் பினியன் மூக்கு ஏற்கனவே மேலே இருக்கிறது, இழுக்கும்போது இன்னும் ஏறி எல்லை தாண்டுகிறது. ஆப்பைக் குறையுங்கள். காலை எடுக்கும்போது மட்டும் ரீங்காரம் என்றால் மூக்கு அதிகமாகக் கீழே இருக்கிறது. ஆனால் விடும்போது வரும் ஊளைச் சத்தம் பினியன் பேரிங்கோ கிரவுன் பினியன் செட்டிங்கோ ஆகவும் இருக்கலாம். உதறல் இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் அங்கே பாருங்கள்.

கியர் மாற்றும்போது ‘டக்’

இது சாய்வுக் கோளாறு இல்லை. கிராஸில் ஆட்டம், ஸ்லிப் ஜாயிண்ட் பல் தேய்மானம், பினியன் நட் தளர்வு. சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்த்தால் எந்த இடத்தில் ஆட்டம் என்று தெரிந்துவிடும்.

கிராஸ் அடிக்கடி போகிறது

போன கிராஸைத் தூக்கி எறியாதீர்கள், காரணம் அதில்தான் எழுதியிருக்கிறது. கப்பைக் கழற்றி, கிராஸின் நான்கு முளைகளையும் டீசலில் கழுவி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசி பேரிங் உட்கார்ந்த இடங்களில் வரிசையாக, சமதூரத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் கோடுகள் பதிந்திருந்தால், ஒன்று கோணம் ஏறக்குறைய பூஜ்யமாக இருந்திருக்கிறது, இல்லையென்றால் தாங்க முடியாத முறுக்குவிசை விழுந்திருக்கிறது. கோணமே இல்லாவிட்டால் ஊசிகள் உருளாது. ஒரே இடத்தில் நின்று இடிபட்டுக் குழி பறிக்கும். எல்லாவற்றையும் நேர்கோட்டில் வைத்தால் நல்லதுதானே என்று ஷாஃப்டை நேராக்கி வைப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை வரும். 1 டிகிரியாவது கொடுங்கள்.

முளையின் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்து, கப் ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்தால் கோணம் அதிகம். யோக்கின் காதில் உரசின பளபளப்பு இருந்தால் வண்டி குதிக்கும்போது கிராஸ் தன் எல்லையைத் தொடுகிறது. துரு நிறத்தில் பொடி இருந்தால் கிரீஸ் போகவில்லை என்று அர்த்தம், கோணத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

ஷாஃப்டின் நீளத்தையும் பாருங்கள். ஸ்லிப் ஜாயிண்ட் முழுதாக உள்ளே போய் முட்டும் நிலையிலிருந்து, வண்டி நிற்கும்போது ஏறக்குறைய 2.5 செ.மீ. வெளியே இருக்க வேண்டும். எஞ்சின் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தால் இந்த இடம் இருக்காது. பள்ளத்தில் விழும்போது ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸின் பேரிங்கை நேராக இடிக்கும்.

நாலு சக்கர இழுவையில் மட்டும்

முன் ஷாஃப்டுக்கும் அதே விதிதான், ஆனால் இங்கே ஆப்பு வைத்து முன் பினியனைத் திருப்பினால் கேஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறும். பினியன் மூக்கு மேலே போனால் கேஸ்டர் குறைந்து, ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். நாலு சக்கர இழுவையை மெதுவான வேகத்தில் மட்டும் பயன்படுத்துபவர் என்றால் முன் ஷாஃப்டின் கோணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து கேஸ்டரைக் காப்பாற்றுவதே என் தேர்வு. ஸ்டீயரிங் நேராக நிற்பது உயிர் சம்பந்தப்பட்டது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை கிராஸ் உள்ள ஷாஃப்ட் போட்டிருந்தால் சமக் கோண விதி பொருந்தாது. இரண்டு கிராஸும் தங்களுக்குள்ளேயே சமன்செய்துகொள்ளும். பினியன் நேராக ஷாஃப்டைப் பார்க்க வேண்டும், பட்டை முறுக்குக்காக 1 டிகிரி மட்டும் தாழ்வாக வையுங்கள்.

கியர் பாக்ஸ் சீல் ஒழுகுகிறது, கியர் கழன்று வருகிறது

வெளி சீலும் புஷ்ஷும் மாற்றி மாற்றிப் போனால் முதலில் கோணத்தை அளக்கலாம். ஆனால் கியர் தானாகக் கழல்வது, கிளட்ச் மிதித்தால் பைலட் பேரிங் (கிராங்க் முனையில் கியர் பாக்ஸ் தண்டைத் தாங்குவது) கீச்சிடுவது இவை இரண்டும் சேர்ந்திருந்தால் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் போட்ட அடாப்டர் பிளேட்தான் சந்தேகம். ஃப்ளைவீலில் டயல் கேஜைக் கட்டி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றி முழுச் சுற்று வாருங்கள். முள் மொத்தமாக 0.13 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. முகத்தையும் அதேபோலப் பாருங்கள். தாண்டினால் பிளேட்டை இடத்தில் பிடிக்கும் டவல் பின்னைத் திருத்தியாக வேண்டும். ஷாஃப்டில் என்ன செய்தாலும் இது சரியாகாது.

எஞ்சினின் சாய்வே கெடுத்தால்

சில வண்டிகளில் ஷாஃப்ட் கோணத்தைச் சரிசெய்ய எஞ்சினையே அளவுக்கு மீறிப் பின்னால் சாய்த்துவிடுவார்கள். செங்குத்தான ஏற்றத்தில் ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கினால் சம்ப்பின் எண்ணெய் உறிஞ்சுகுழலை விட்டு ஒதுங்குகிறது. பெட்ரோல் எஞ்சின் என்றால் கார்புரேட்டர் மட்டம் தவறி ஒரு பக்கம் பெட்ரோல் வழியும். மூல வண்டியில் கார்புரேட்டர் மட்டமாக நிற்பதற்காகவே மேனிஃபோல்டின் முகத்தைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள். எஞ்சினை வாங்கும்போது, அதைப் பழைய வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே ஹெட் கவரின் மேலும் கிராங்க் புல்லி முகத்திலும் கேஜை வைத்து அளவை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் அதே சாய்வு, அல்லது அதிலிருந்து ஓரிரு டிகிரிக்குள். மீதியைப் பினியன் பக்கம் பார்த்துக்கொள்ளலாம்.

இதனால்தான் மவுண்டிங்கை முதலிலேயே வெல்டு வைக்கக் கூடாது. எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், ஆயில் எல்லாம் ஏறின பிறகு, மவுண்டிங்கை டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) மட்டும் அடித்து அளவுகளை எடுங்கள். முன் மவுண்டிங்குக்கும் கியர் பாக்ஸ் மவுண்டிங்குக்கும் இடையே 1 மீட்டர் என்றால், ஒரு முனையில் 17 மி.மீ. வாஷர் வைத்தால் 1 டிகிரி மாறும். வாஷர் வைத்துப் பார்த்து, கோணம் பிடித்ததும் முழு வெல்டு. புது ரப்பர் ஓடி ஓடி அமுங்கும். சில நூறு கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை இறுக்கிவிட்டு மூன்று அளவையும் திரும்ப எடுத்து, முதலில் எழுதிவைத்ததோடு ஒப்பிடுங்கள். 1 டிகிரிக்கு மேல் மாறியிருந்தால் மவுண்டிங் ரப்பரும் பட்டையும் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று தனித்தனியாகப் பார்த்து, இறங்கிய இடத்தில் வாஷரைக் கூட்டுங்கள்.